மினிமம் பேலன்ஸ் அபராதம், இ.எம்.ஐ. பவுன்ஸ், மைனஸ் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெரியம்மாவின் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கிப் பார்த்த அன்றுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மாதம் 118 ரூபாய் வீதம் பதினான்கு மாதம், மொத்தம் 1,652 ரூபாய் போயிருந்தது. மினிமம் பேலன்ஸ் வைக்கவில்லையாம். அவருக்கு அப்படி ஒன்று வைக்க வேண்டும் என்றே தெரியாது. எழுதிக் கொடுத்துக் கேட்டோம், மூன்று வாரத்தில் முழுப் பணமும் திரும்பி வந்தது. அதற்கப்புறம் சொந்தத்திலும் தெருவிலும் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இந்த அபராதம் பணம் இருப்பவரிடம் ஒருபோதும் போவதில்லை, இல்லாதவரிடம்தான் போகிறது. அதனால்தான் இதை விதிகளோடு தெரிந்துவைத்துக் கொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்று ரிசர்வ் வங்கிதானே சொல்கிறது?

இல்லை. தொகையை அந்தந்த வங்கியே முடிவு செய்கிறது. 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி நகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் 50,000 ரூபாய் வைக்க வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே 15,000 ரூபாயாகக் குறைத்தது ஞாபகம் இருக்கலாம். அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவிடம் கேட்டபோது, இது வங்கிகளின் முடிவு, எங்கள் ஒழுங்குமுறைக்குள் வராது என்றுதான் சொன்னார். ஆனால் அபராதத்தை எப்படிப் போட வேண்டும், எப்படிப் போடக் கூடாது என்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. நமக்குப் பிடி அங்கேதான்.

அந்த விதி என்ன சொல்கிறது?

2014 நவம்பர் 20-ல் வந்த சுற்றறிக்கை, 2015 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்.எம்.எஸ்., இமெயில் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யவில்லை என்றால்தான் அபராதம். அதுவும் எல்லோருக்கும் ஒரே தொகை என்று இருக்கக் கூடாது, எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் நாலாயிரம் குறைந்தவருக்கும் ஒரே அபராதம் போட முடியாது. அப்புறம், அந்தச் சேவையைத் தருவதற்கு வங்கிக்கு ஆகும் சராசரிச் செலவோடு பொருந்தாத அளவுக்கு அபராதம் உயரவும் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வைக்க வேண்டியது 5,000 ரூபாய், சராசரியாக இருந்தது 1,800 என்றால் குறைவு 3,200. பல தனியார் வங்கிகளில் குறைவில் 6 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள், அப்படியானால் 192 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 34 ரூபாய் 56 காசு. மொத்தம் 226 ரூபாய் 56 காசு. உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் தொகையை இப்படி நீங்களே சரிபார்க்கலாம். சதவீதமும் உச்சவரம்பும் வங்கியின் இணையதளத்தில் கட்டணப் பட்டியலில் இருக்கும், கிளையில் கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு நாள் குறைந்தாலே அபராதமா?

பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரியை. சில வங்கிகள் மூன்று மாதச் சராசரியைப் பார்க்கின்றன. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். சராசரி 10,000 வேண்டும் என்றால், முப்பது நாள் மாதத்தில் தினசரி இருப்புகளின் கூட்டுத்தொகை மூன்று லட்சம் வந்தால் போதும். தினமும் பத்தாயிரம் இருந்தாலும் சரி, பதினைந்து நாள் இருபதாயிரம் இருந்து மீதி நாள் காலியாகக் கிடந்தாலும் சரி. அதனால் மாதக் கடைசியில் பதறிப் போய் கடன் வாங்கி 10,000 போடுவதில் பெரிய பயன் இல்லை, அந்த இரண்டு மூன்று நாள் சராசரியைக் கொஞ்சம்தான் உயர்த்தும். போடுவதாக இருந்தால் மாத ஆரம்பத்தில் போட்டு வையுங்கள்.

எனக்கு எஸ்.எம்.எஸ். எதுவும் வரவே இல்லை. என்ன செய்யலாம்?

பெரியம்மா விஷயத்தில் பணம் திரும்பியதே இதனால்தான். பத்து வருடத்துக்கு முன்னால் கொடுத்த மொபைல் எண், அது இப்போது வேறு யாரிடமோ இருந்தது. கடிதமும் வந்ததில்லை. "எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்கு முன்னறிவிப்பு கொடுத்தீர்கள், அதன் நகலைக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்டோம். அவர்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. எல்லா வங்கியும் இப்படி உடனே திருப்பித் தந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மறக்காமல் கையோடு மொபைல் எண்ணையும் மாற்றிவிடுங்கள். எண் மாறியதை வங்கிக்குச் சொல்லவில்லை என்றால் தவறு நம் பக்கம் என்று அவர்கள் வாதாட இடம் இருக்கிறது.

அபராதம் போட்டுப் போட்டுக் கணக்கு மைனஸில் போய்விட்டது. கட்டியே ஆக வேண்டுமா?

மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று அதே 2014 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. இருப்பு பூஜ்யத்தைத் தொட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

ஆனால் நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. ஒன்று, டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், செக் ரிட்டர்ன் கட்டணம் என்று வேறு வகைகள் சேர்ந்து கணக்கை மைனஸ் ஆக்கியிருக்கும். இந்த விதி அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பிடித்தமும் எதற்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்னொன்று, கணக்கில் மைனஸ் காட்டாமல் பாக்கியைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, பிறகு எப்போது பணம் வந்தாலும் பிடித்துக்கொள்வது. ஹோல்டு என்பார்கள், லீன் என்பார்கள். இரண்டு வருடம் கழித்து மகன் அனுப்பிய ஐயாயிரத்தில் ஆயிரத்து ஐநூறு காணாமல் போவது இப்படித்தான். மினிமம் பேலன்ஸ் பாக்கிக்காக இப்படி நிறுத்தி வைத்திருந்தால், மைனஸ் கூடாது என்ற விதியைச் சுட்டிக்காட்டி ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்.

அரசு கொடுக்கும் உதவிப் பணத்திலும் பிடிக்கலாமா?

2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி, பெண்களின் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் வந்தபோது பல இடங்களில் இதுதான் நடந்தது. ஆயிரம் வந்ததாக எஸ்.எம்.எஸ்., அடுத்த எஸ்.எம்.எஸ்ஸில் பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கிக்காகப் பணம் பிடித்ததாகத் தகவல். அந்தத் தொகையை வேறு எந்தக் கட்டணத்துக்கும் ஈடுகட்டக் கூடாது என்று அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார், புகார்களை முதல்வரின் 1100 உதவி எண்ணில் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். உங்கள் தொகையில் இப்போதும் பிடித்தால் வங்கிக்கும் எழுதுங்கள், 1100-லும் பதிவு செய்யுங்கள். முதியோர் ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை வாங்கும் கணக்கு என்றால் அதை மினிமம் பேலன்ஸ் இல்லாத அடிப்படைக் கணக்காக மாற்றிவிடுவதுதான் நிரந்தர வழி. அதைப் பற்றிக் கீழே.

எந்த வங்கிகளில் இந்த அபராதமே இல்லை?

ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் எடுத்துவிட்டது. 2025-ல் வரிசையாக கனரா வங்கி ஜூன் 1 முதல், பஞ்சாப் நேஷனல் வங்கி ஜூலை 1 முதல், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி ஜூலை 7 முதல் என்று நிறுத்தின. காரணம் இல்லாமல் இல்லை. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருடத்தில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த அபராதமாக ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்தன என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தது, அந்த எண் வெளியே வந்ததும் கேள்வி எழுந்தது. நூறும் இருநூறுமாகப் பிடித்துச் சேர்ந்த 8,500 கோடி. தனியார் வங்கிகளில் அபராதம் இன்னும் பரவலாக இருக்கிறது.

ஜீரோ பேலன்ஸ் கணக்கு எல்லோருக்கும் கிடைக்குமா?

கிடைக்கும். அடிப்படை சேமிப்பு வங்கிக் கணக்கு என்று 2012 முதல் இருக்கிறது. பரம ஏழைக்கு மட்டும் என்று கவுன்டரில் சொன்னால் நம்ப வேண்டாம், வருமான வரம்பு எதுவும் கிடையாது. தனியார் வங்கியும் இதைத் தர வேண்டும். ஏ.டி.எம். கார்டு இலவசம், பணம் போடக் கட்டணம் இல்லை, மாதத்தில் நான்கு முறையாவது பணம் எடுக்க இலவசம். நிபந்தனை இரண்டுதான். வேறு வங்கியில் உங்களுக்கு இதே அடிப்படைக் கணக்கு இருக்கக் கூடாது, அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கும் இருக்கக் கூடாது. இருந்தால் 30 நாளுக்குள் அதை மூட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கணக்கையே மாற்றித் தரச் சொல்லியும் எழுதிக் கொடுக்கலாம்.

சம்பளக் கணக்குதானே, எனக்கு எதற்கு அபராதம் வந்தது?

வேலை மாறியிருப்பீர்கள். பெரும்பாலான வங்கிகளில் தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்றால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடும், அதோடு பத்தாயிரமோ என்னவோ மினிமம் பேலன்ஸும் வந்துவிடும். வேலையை விட்ட வாரத்திலேயே அந்தக் கணக்கு தேவையா என்று முடிவு செய்துவிடுங்கள்.

இ.எம்.ஐ. தேதியில் கணக்கில் பணம் இல்லை. எவ்வளவு போகும்?

மினிமம் பேலன்ஸைவிட இதுதான் பலரை அதிகமாக அடிக்கிறது, இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். இ.எம்.ஐ.க்கு நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உத்தரவின் பேரில் கடன் கொடுத்தவர் நம் வங்கியிடம் பணம் கேட்கிறார். இல்லை என்றால் நம் வங்கி ரிட்டர்ன் கட்டணம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு பவுன்ஸ் கட்டணம் போடும். ஒரு பவுன்ஸுக்கு இரண்டு பக்கமும் அடி.

நம் வங்கியில் ஒரு தடவைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 90 சேர்த்து 590. சில நிதி நிறுவனங்கள் பணம் வரும் வரை ஒரே மாதத்தில் இரண்டு மூன்று தடவை அனுப்பிப் பார்ப்பார்கள். மூன்று தடவை திரும்பினால் நம் வங்கியில் மட்டும் 1,770 ரூபாய். செல்போன் வாங்கிய 2,000 ரூபாய் இ.எம்.ஐ.க்கு இவ்வளவு! அதனால் பணம் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால், தேதிக்கு முன்பே கடன் நிறுவனத்துக்குப் பேசி, திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம், நான் நேரடியாக ஆன்லைனில் கட்டிவிடுகிறேன் என்று சொல்லி, அதையே இமெயிலிலும் அனுப்பி வையுங்கள். சம்பளம் 7-ம் தேதி, இ.எம்.ஐ. 5-ம் தேதி என்றால் தேதியை 10-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

கடன் பக்கத்தில் ஒரு விதி நமக்குத் துணை. 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, தாமதத்துக்கு அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, அபராதக் கட்டணமாகத் தனியே காட்ட வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி போடவும் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. கடன் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தால் குட்டி போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பவுன்ஸ் ஆனால் ஜெயில் என்று வசூல்காரர் மிரட்டுகிறார். உண்மையா?

சட்டம் இருக்கிறது. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு, இ.எம்.ஐ. போன்ற மின்னணு உத்தரவு திரும்பினால் 2007-ன் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 25-வது பிரிவு. இரண்டிலும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் போனில் மிரட்டியதும் போலீஸ் வந்துவிடாது. எழுத்து மூலம் நோட்டீஸ் வர வேண்டும், அது கையில் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு, அதிலும் கட்டாவிட்டால்தான் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க முடியும். நோட்டீஸ் வந்தால் மட்டும் ஓரமாகப் போட்டுவிடாதீர்கள்.

ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது.

ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும், நாம் கேட்காமலே தர வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் வந்த விதி. மெஷினில் பணம் இல்லை, தொழில்நுட்பக் கோளாறு என்ற காரணத்தால் தோல்வியான முயற்சியை இலவச எண்ணிக்கையில் சேர்க்கவும் கூடாது. நம் கணக்கில் பணம் இல்லாமல் எடுக்கப் பார்த்தால் கதை வேறு, அதற்குப் பல வங்கிகள் இருபது ரூபாயும் வரியும் போடுகின்றன. இருப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பல வருடமாகத் தொடாத கணக்கு. அபராதம் ஏறிக்கொண்டே இருக்குமா?

இரண்டு வருடத்துக்கு மேல் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு செயல்படாத கணக்கு. அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது, மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் கேட்கக் கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் "ஓவர்டிராஃப்ட் ஃபீ" என்கிறான். இதுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. இங்கே பணம் இல்லை என்றால் கார்டு வேலை செய்யாது. அங்கே பணம் இல்லாவிட்டாலும் வங்கி அந்தச் செலவை அனுமதித்துவிட்டு, அதற்குக் கட்டணம் போடும். நாலு டாலர் காபிக்கு 35 டாலர் கட்டணம் என்று அங்கே சொல்வது இதைத்தான். 2010 முதல் ஏ.டி.எம்.முக்கும் டெபிட் கார்டில் ஒருமுறை செய்யும் செலவுக்கும் வாடிக்கையாளர் முன்பே சம்மதம் சொல்லியிருந்தால்தான் இந்தக் கட்டணம் போடலாம். அதனால் மகன் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டாலே பெரும்பகுதி நின்றுவிடும். பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் உச்சவரம்பு போட 2024 டிசம்பரில் ஒரு விதி வந்தது, நடைமுறைக்கு வருவதற்கு முன்பே 2025 மே மாதம் அதை ரத்து செய்துவிட்டார்கள். வருத்தமான முடிவு.

இந்தியாவில் ஓவர்டிராஃப்ட் என்றால் வங்கி முன்கூட்டியே ஒப்புதல் தந்த கடன். ஜன்தன் கணக்கில் 10,000 ரூபாய் வரை அப்படி எடுக்க வழி இருக்கிறது, வட்டி உண்டு. கிரெடிட் கார்டில் வரம்பைத் தாண்டிச் செலவு செய்ய விட்டு ஓவர்லிமிட் கட்டணம் போடுவதற்கும் உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

சரி, புகார் எங்கே, எப்படி?

முதலில் கிளைக்கு, எழுத்தில். வாயால் சொன்னால் எதுவும் நிற்காது. பெரியம்மாவுக்காக நான் எழுதியது ஏறக்குறைய இப்படி: "என் சேமிப்புக் கணக்கில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மினிமம் பேலன்ஸ் அபராதமாக ரூ.1,652 பிடிக்கப்பட்டுள்ளது. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைப்படி எனக்கு முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. அறிவிப்பு அனுப்பியதற்கான ஆதாரத்தைத் தர வேண்டும், இல்லையேல் தொகையைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும் கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். சீல் வைக்க மாட்டேன் என்றால் இமெயிலில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபால்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே திட்டம், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம், இல்லாவிட்டால் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கிப் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். தமிழிலேயே எழுதலாம், எந்த மொழியிலும் வாங்கிக்கொள்கிறார்கள். சந்தேகம் கேட்க 14448. கிளையில் புகாரே கொடுக்காமல் நேராக அங்கே போனால் தள்ளுபடி செய்துவிடுவார்கள், அதனால்தான் அந்த சீல் வைத்த பிரதி முக்கியம்.

நுகர்வோர் ஆணையமும் உண்டு. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சேவைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவது அலைச்சல்தான், குறைதீர்ப்பாளரே போதும் என்பது என் எண்ணம். ஆனால் பவுன்ஸ் கட்டணத்தைத் தவறாகப் போட்டு, அதனால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெட்டு, வீட்டுக் கடன் கிடைக்காமல் போனது போன்ற பெரிய இழப்பு என்றால் ஆணையம் சரியான இடம்.

கணக்கை மூடிவிடலாம் என்று போனால் பாக்கியைக் கட்டு என்கிறார்கள்.

பாக்கி எதெதற்கு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முழுக்க மினிமம் பேலன்ஸ் அபராதம் என்றால், மைனஸ் கூடாது என்ற விதியைக் காட்டி மறுக்கலாம். மூடும் கட்டணம் என்று தனியே கேட்டால், கணக்குத் தொடங்கி எத்தனை காலம் ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வங்கிகளில் ஒரு வருடம் தாண்டிய சேமிப்புக் கணக்கை மூடக் கட்டணம் இல்லை. மூடும் முன்பு அந்தக் கணக்கில் இ.எம்.ஐ., இன்சூரன்ஸ், கேஸ் மானியம் எதுவும் இணைந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள், மீதிச் செக் தாள்களையும் கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணக்கு மூடப்பட்டது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.